கதவு திறந்தபோது அர்ஷாவினுக்கு வயது 27

2008 ஜூன் 21. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. நெதர்லாந்தும் ரஷ்யாவும் 1-1 என்ற சமநிலையில் கூடுதல் நேரத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஆட்டம் பெனால்டிக்குத்தான் போகும் என்று தோன்றிய 112-வது நிமிடத்தில், இடது ஓரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போன 172 சென்டிமீட்டர் உயர ஆட்டக்காரர் ஒருவர், எதிரே நின்ற தடுப்பாட்டக்காரரைத் தாண்டிப்போய், தூரத்துக் கம்பத்துக்கு வாகாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். தோர்பின்ஸ்கி ஓடிவந்து அதை வலைக்குள் தள்ளினார். நான்கு நிமிடம் கழித்து, அன்யுகோவ் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்தை அதே ஆட்டக்காரர் பிடித்துக்கொண்டு ஓடி, கோல் கீப்பர் வான் டெர் சாரின் கால்களுக்கு நடுவே உதைத்து உள்ளே அனுப்பினார். ரஷ்யா 3, நெதர்லாந்து 1. உதட்டில் ஒரு விரலை வைத்தபடி ஓடிய ஆந்திரேய் அர்ஷாவினை அன்று இரவு ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. 2012 ஜனவரி 22 அன்று லண்டனில் ஆர்சனல் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்த்து அவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது, சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஓர் இளம் ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட்டு இவரையா இறக்குகிறீர்கள் என்ற கோபம் அது. அடுத்த மாதமே அவர் இரவல் ஒப்பந்தத்தில் ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே நடந்தது என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: சோம்பேறித்தனம். கையில் வித்தை இருந்தது, உழைப்பு இல்லை, பணம் வந்ததும் பசி போய்விட்டது என்று ரஷ்யப் பத்திரிகைகளும் ஆங்கிலேய ரசிகர்களும் ஒருசேரத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கே நடந்திருக்கிறது. அர்ஷாவினின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்தால், ஒரு மனிதரின் குணக்கேட்டைவிட ஒரு நாட்டுக் கால்பந்தின் அமைப்புதான் கண்ணில் படுகிறது. வெளியே போகும் கதவை மிகத் தாமதமாகத் திறப்பதும், திரும்பி வரும் கதவை எப்போதும் அகலத் திறந்துவைத்திருப்பதும் அந்த அமைப்பின் இயல்பு. ஆட்டக்காரர்களைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதாக அது நினைத்துக்கொண்டது. உண்மையில் அவர்கள் வளரத் தேவையான சிரமத்தையே அது அவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

அர்ஷாவின் 1981 மே 29 அன்று, அப்போது லெனின்கிராட் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். ஏழு வயதில் நகரின் புகழ்பெற்ற 'ஸ்மேனா' கால்பந்துப் பள்ளியில் சேர்ந்தார். அவர் பந்தைப் பழகிய ஆண்டுகளில்தான் சோவியத் ஒன்றியம் கலைந்தது, ஊரின் பெயர் மாறியது, பணத்தின் மதிப்பு சரிந்தது. அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் பள்ளியும் பயிற்சியாளர்களும் நிலைத்து நின்றார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவோம். 2000 ஆகஸ்டில், 19 வயதில், அதே நகரின் ஜெனித் அணிக்காக முதன்முதலில் களமிறங்கினார். இன்டர்டோட்டோ கோப்பைப் போட்டி அது. நடந்த இடம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு. ஜெனித் 3-0 என்று வென்றது. ஆக, தன் முதல் ஆட்டத்தையே இங்கிலாந்து மண்ணில் ஆடிய ஒருவருக்கு, அதே மண்ணில் வேலைக்குப் போய்ச் சேர எட்டரை ஆண்டுகள் ஆயின. அவருடைய கால்பந்து வாழ்க்கையின் விளக்கம் முழுக்க அந்த எட்டரை ஆண்டு இடைவெளிக்குள் இருக்கிறது.

அந்த ஆண்டுகள் வீணானவை என்று நான் சொல்லவில்லை. 1984-இல் சோவியத் சாம்பியன் ஆன பிறகு லீக் பட்டம் எதையும் காணாமல் ஏங்கிக் கிடந்த நகரம் அது. 2005-இல் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் ஜெனித்தை வாங்கியது. 2006-இல் டச்சுக்காரரான டிக் அட்வகாட் பயிற்சியாளராக வந்தார். 2007-இல் ஜெனித் ரஷ்ய சாம்பியன் ஆனது. 2008 மே மாதம் அரையிறுதியில் பயேர்ன் மியூனிக்கை 4-0 என்று நொறுக்கிவிட்டு, மான்செஸ்டரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை 2-0 என்று வென்று யூஏஃபா கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதி ஆட்டத்தின் நாயகன் அர்ஷாவின். சில மாதங்களில் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டே ஜெனித்திடம் 2-1 என்று தோற்றது. தேசிய அணியிலும் அதே கதை. அந்தோராவுக்கு எதிரான தகுதிச்சுற்றில் சிவப்பு அட்டை வாங்கியதால் ஐரோப்பியக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களில் அவரால் ஆட முடியாது என்று தெரிந்தும், பயிற்சியாளர் குஸ் ஹிட்டிங்க் அவரை அணியில் சேர்த்துக் கூட்டிப்போனார். மூன்றாவது ஆட்டத்தில் இறங்கி ஸ்வீடனுக்கு எதிராகக் கோல் போட்டார். அடுத்த ஆட்டம் பாஸல். அந்த ஆண்டின் தங்கப் பந்து விருதுக்கான வாக்கெடுப்பில் அவருக்கு ஆறாவது இடம்.

ஒரு ஆட்டக்காரரின் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது அவரை விற்பதுதான் உலகெங்கும் கிளப்களின் வழக்கம். 2008 கோடையில் பார்சலோனா கேட்டது, டாட்டன்ஹாம் கேட்டது. அர்ஷாவினும் போக விரும்புவதாக வெளிப்படையாகவே சொன்னார். ஜெனித் மறுத்தது. தனக்குச் சரியென்று பட்ட விலை வராமல் விடமாட்டோம் என்று நின்றது. இதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஒப்பந்தம் இருந்தது, உரிமை கிளப்பின் கையில் இருந்தது. ஆனால் அப்படி நிற்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டிக்கெட் வருமானத்திலும் ஆட்டக்காரர் விற்பனையிலும் உயிர் வாழும் கிளப் இத்தனை பிடிவாதம் பிடிக்க முடியாது. பின்னால் அரசு சார்ந்த பெரும் நிறுவனம் நிற்கும் கிளப்புக்கு விற்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஜெனித்துக்கு காஸ்ப்ரோம் என்றால் லோகோமோட்டிவுக்கு ரஷ்ய ரயில்வே. விற்கத் தேவையில்லாத கிளப்பில் மாட்டிக்கொண்ட திறமைசாலிக்கு வசதியான வீடும் கைநிறையச் சம்பளமும் கிடைக்கும். அவருக்கு நேரம் மட்டும் கிடைக்காது.

இதைப் புரிந்துகொள்ள அதே கோடையில், அதே லண்டனில் வந்து இறங்கிய இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குரோஷியாவின் லூகா மோட்ரிச்சுக்கும் அதே 172 சென்டிமீட்டர் உயரம்தான். உடல் மெலிவு, இங்கிலாந்துக்கு இவர் தாங்குவாரா என்று அவரைப் பற்றியும் சந்தேகப்பட்டார்கள். ஜாக்ரெபின் டைனமோ கிளப் ஆட்டக்காரர்களை விற்றுப் பிழைக்கும் கிளப் என்பதால், 22 வயதில் அவரை டாட்டன்ஹாமுக்கு அனுப்பிவிட்டது. அந்த அணியின் தொடக்கம் படுமோசம். முதல் எட்டு லீக் ஆட்டங்களில் இரண்டே புள்ளி. மோட்ரிச்சும் தடுமாறினார். ஆனால் தடுமாறவும், எழவும், தன் ஆட்டத்தை மாற்றி அமைத்துக்கொள்ளவும் அவர் கையில் ஆண்டுகள் இருந்தன. 2012-இல் ரியல் மாட்ரிட், 2018-இல் தங்கப் பந்து. அர்ஷாவின் ஆர்சனலுக்கு வந்தபோது அவருக்கு 27 முடிந்து 28 நெருங்கிக்கொண்டிருந்தது. தடுமாறுவதற்கு அவருக்கு ஒரு சீசன்கூட உபரியாக இல்லை. இருவரில் ஒருவர் உழைப்பாளி, மற்றவர் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. வந்து சேர்ந்தபோது இருந்த ஏறக்குறைய ஐந்து ஆண்டு வயது வித்தியாசத்தை அது விளக்காது.

ஆர்சனலில் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் உண்மைக்குப் புறம்பானது. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில், லண்டனைப் பனி மூடிக்கிடந்த நாளில், மாற்றல் கெடு முடியும் கடைசி நேர இழுபறிக்குப் பிறகு, அன்றைக்கு அந்தக் கிளப்பின் சாதனைத் தொகைக்கு அவர் வாங்கப்பட்டார். ஏப்ரல் 21 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நடந்ததைக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். எதிரணியினர் ஒருவரின் காலிலிருந்து பந்தைப் பறித்து, தூரத்திலிருந்தே உதைத்து ஒன்று. தடுப்பாட்டக்காரர் சரியாக விலக்காத பந்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே செலுத்தி மற்றொன்று. லிவர்பூலின் கார்னரிலிருந்து தொடங்கிய எதிர்த்தாக்குதலில் வால்காட் மின்னலாக ஓடிக் கொடுத்த பந்தில் கடைசி ஒன்று. மொத்தம் நான்கு. ஆட்டம் 4-4. நான்கு விரல்களை விரித்துக் காட்டியபடி, தானே நம்ப முடியாதவரைப்போல நின்றார். ஆர்சனலுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 144 ஆட்டங்கள், 31 கோல்கள். 2010-11 லீக் சீசனின் 38 ஆட்டங்களில் 37-இல் களம் கண்டார். 2011 பிப்ரவரியில், மெஸ்ஸியும் இனியஸ்டாவும் ஆடிய பார்சலோனாவை ஆர்சனல் 2-1 என்று வென்றபோது வெற்றி கோல் அவருடையது. சோம்பேறி என்று முத்திரை குத்தப்பட்டவரின் கணக்கு இது.

அப்படியானால் சரிவு ஏன்? முதல் காரணம் நாட்காட்டி. அன்றைய ரஷ்ய லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும். ஐரோப்பாவின் மற்ற பெரிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். குளிர்கால ஓய்விலிருந்து நேராக இங்கிலாந்தின் சீசன் நடுவே குதித்தவர், உடலின் பழக்கத்தையே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது காரணம் இடம். ஜெனித்திலும் தேசிய அணியிலும் முன்கள வீரருக்குப் பின்னால், நடுவில், விரும்பிய பக்கம் உலவும் உரிமை அவருக்கு இருந்தது. ஆர்சனலில் பெரும்பாலும் இடது ஓரம். பின்னால் ஓடி வந்து தடுக்கும் பொறுப்பும் சேர்ந்த இடம். 2009 நவம்பரில் வான் பெர்ஸி காயம்பட்டபோது, உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே தனி முன்கள வீரராகவும் நிறுத்தப்பட்டார். புது இடத்தைக் கற்றுக்கொள்ள 22 வயதில் ஒருவர் பணிந்து நிற்பார். எட்டு ஆண்டுகளாக ஒரு நகரமே தன்னைச் சுற்றிச் சுழன்றதைக் கண்டவருக்கு 28 வயதில் அது எளிதல்ல. பின்னோக்கி ஓடத் தயங்கினார் என்ற குற்றச்சாட்டு மெய்தான். மறுக்க நான் முயலவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கே ஊறியது? ஓடாவிட்டாலும் இடம் போகாது என்ற நிலைமையில்தான்.

இதெல்லாம் ஒரு மனிதருக்குச் சாக்குச் சொல்வது என்று யாரேனும் நினைத்தால், மற்ற நால்வரையும் பார்க்கட்டும். அந்த ஐரோப்பியக் கோப்பையின் வெளிச்சத்தில் ரஷ்யாவிலிருந்து பெரிய லீக்குகளுக்குப் போனவர்கள் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பாவ்லியுசென்கோ 2008-இல் டாட்டன்ஹாம் போனார். அர்ஷாவின் 2009-இல் ஆர்சனல். அதே ஆண்டில் ஜிர்கோவ் செல்சிக்கும், பில்யலெத்தினோவ் எவர்டனுக்கும், பொக்ரெப்னியாக் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கும் போனார்கள். ஜிர்கோவ் 2011-இல் தாகெஸ்தானின் அன்ஜி கிளப்புக்குத் திரும்பினார். ஒரு கோடீஸ்வரரின் பணத்தில் சாமுவேல் எட்டோவையே அழைத்துவந்த கிளப் அது. 2012 ஜனவரியில் பில்யலெத்தினோவ் ஸ்பார்டக்குக்கும் பாவ்லியுசென்கோ லோகோமோட்டிவுக்கும் வந்தார்கள். பிப்ரவரியில் அர்ஷாவின். பொக்ரெப்னியாக் மட்டும் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு மாறி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் திரும்பினார். ஐந்து பேரின் குணமும் ஐந்து விதம். ஓடி ஓடி உழைப்பவர் என்று பெயரெடுத்த ஜிர்கோவும் திரும்பினார், உழைக்கமாட்டார் என்று பெயரெடுத்த அர்ஷாவினும் திரும்பினார். ஐந்து வெவ்வேறு மனிதர்கள் ஒரே வழியில் திரும்பி வருகிறார்கள் என்றால், மனிதர்களை விட்டுவிட்டு வழியைத்தான் ஆராய வேண்டும். லண்டனில் உட்காரும் பலகையில் காத்திருக்கும் ஒருவருக்கு, ஊரில் அதே சம்பளமும் நிச்சயமான இடமும் தயாராக இருந்தால், காத்திருந்து போராடு என்று எந்த நியாயத்தைச் சொல்லித் தடுப்பது?

திரும்பிய சில மாதங்களில் 2012 ஐரோப்பியக் கோப்பை வந்தது. அர்ஷாவின் அணித்தலைவர். முதல் ஆட்டத்தில் செக் குடியரசை 4-1 என்று வென்றதும் நாடு கொண்டாடியது. போலந்துடன் சமன். ஜூன் 16 அன்று வார்சாவில் கிரேக்கத்திடம் 0-1 என்று தோற்று, அணி போட்டியிலிருந்தே வெளியேறியது. அதன் பிறகு, உங்கள் எதிர்பார்ப்பை நாங்கள் நிறைவேற்றாதது உங்கள் பிரச்சினை என்ற பொருளில் ரசிகர்களிடம் அவர் பேசிய பேச்சு தேசமெங்கும் பற்றி எரிந்தது. அணித்தலைவர் பேசக்கூடாத பேச்சு அது. காசு செலவழித்து, வேலையை விட்டுவிட்டு வந்த ரசிகர்களை அது காயப்படுத்தியது. அந்தப் பிழை அவருடையது, அதன் பங்கை அவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் ஒரு மனிதர் மேல் பாய்ந்ததில், கேட்க வேண்டிய கேள்விகள் அமுங்கிப்போயின. நான்கே ஆண்டுகளில் அணி ஏன் இப்படி முதுமை அடைந்தது? அர்ஷாவினுக்குப் பின்னால் வரிசையில் இளைஞர்கள் ஏன் இல்லை? இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் விரல் நிர்வாகிகளை நோக்கித் திரும்பியிருக்கும்.

நிர்வாகிகள் கண்ட மருந்து, நோயை முற்றவைக்கும் மருந்தாக இருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரரை ரஷ்யர்கள் 'லெஜியோனர்' என்பார்கள். களத்தில் இத்தனை லெஜியோனர்தான் இருக்கலாம் என்ற வரம்பு 2000-களின் நடுவிலிருந்தே அங்கே உண்டு. ஆண்டுக்கு ஆண்டு எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சொந்த மண்ணில் உலகக் கோப்பை நெருங்க, 2015-இல் களத்தில் ஆறு பேருக்கு மேல் கூடாது என்று இறுக்கினார்கள். 2020-இல் பதிவுசெய்யப்படும் 25 பேரில் எட்டுப் பேர் மட்டுமே என்றார்கள். இதன் நோக்கத்தை நான் குறைசொல்லமாட்டேன். பணக்கார கிளப்கள் பிரேசிலிலிருந்து ஆயத்த ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு வந்தால், உள்ளூர்ப் பையனுக்கு இடமே இருக்காதே என்ற கவலை நியாயமானது. ஆனால் நடந்தது வேறு. இத்தனை ரஷ்யர்கள் களத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றதும், சுமாரான ரஷ்ய ஆட்டக்காரருக்கும் சந்தையில் விலை ஏறியது. கடவுச்சீட்டுக்குக் கிடைத்த விலை அது, ஆட்டத்துக்குக் கிடைத்ததல்ல. உள்ளூரில் உட்கார்ந்தே அந்தச் சம்பளம் வரும்போது, நெதர்லாந்திலோ பெல்ஜியத்திலோ குறைந்த சம்பளத்துக்கு ஒரு நடுத்தரக் கிளப்பில் சேர்ந்து, மொழி தெரியாமல், மழையில் நனைந்து, இடத்துக்குப் போராடிக் கற்றுக்கொள்ள 20 வயதுப் பையன் ஏன் கிளம்புவான்? விளைவு 2015-க்கு முன்பே ஆட்டக்களத்தில் தெரிந்தது. 2014 உலகக் கோப்பைக்குப் போன ரஷ்ய அணியின் 23 பேரும் உள்நாட்டுக் கிளப்களில் ஆடியவர்கள். தென்கொரியாவுடனும் அல்ஜீரியாவுடனும் சமன், பெல்ஜியத்திடம் தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியே. ஜெனித் 2019 முதல் 2024 வரை தொடர்ந்து ஆறு முறை ரஷ்ய சாம்பியன். இதே காலத்தில் 2020-21 சாம்பியன்ஸ் லீக்கில் ஆறு ஆட்டங்களில் அது எடுத்தது ஒரே ஒரு புள்ளி. மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய கிளப்தான் இது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். 2008-இல் அரையிறுதி வரை போன அணியும் உள்நாட்டில் ஆடியவர்களால் ஆனதுதானே, வெளிநாட்டுக் கிளப்பில் இருந்தவர் சாயென்கோ ஒருவர்தானே என்பார்கள். சரியான தகவல். ஆனால் அந்த அணி எப்படி உருவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தொண்ணூறுகளின் வறுமையில், ஸ்மேனா போன்ற நகரப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். கிளப்களில் பணம் வந்தபோது அவர்களுக்கு இடம் கிடைத்தது வரம்பின் தயவால் அல்ல; 2007-08 ஜெனித்தில் திமோஷ்சுக், ஹேகன், டொமிங்கஸ் போன்ற வெளிநாட்டவரோடு தோளுரசித்தான் அர்ஷாவினும் அன்யுகோவும் டெனிசோவும் சிரியானோவும் நிலைத்தார்கள். 2005-இல் சிஎஸ்கேஏவும் 2008-இல் ஜெனித்தும் வென்ற யூஏஃபா கோப்பைகள் அவர்களை ஐரோப்பாவோடு மாதந்தோறும் மோதவைத்தன. ஆக, அந்த வெற்றி போட்டியின் விளைச்சல். அதைப் பார்த்துவிட்டுப் போட்டியைக் குறைத்தது, விளைச்சலைப் பார்த்துப் பூரித்து விதைநெல்லைத் தின்றதற்குச் சமம்.

2018-இல் சொந்த மண்ணில் காலிறுதி வரை போனதே என்று அடுத்துக் கேட்பார்கள். அந்த அணியின் 23 பேரில் வெளிநாட்டுக் கிளப்பில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே: கோல் கீப்பர் கபுலோவும், ஸ்பெயினின் வில்லார்ரியல் கிளப்பின் டெனிஸ் செரிஷேவும். ஸ்பெயினைப் பெனால்டியில் வென்ற அன்று அகின்ஃபேயேவ் காலால் தடுத்த அந்தப் பந்தை யாரும் மறக்கமாட்டார்கள். அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் போட்டியில் ரஷ்யாவுக்காக நான்கு கோல்கள் போட்டவர் யார்? செரிஷேவ். சிறுவயதிலேயே, கால்பந்தாடப் போன தந்தையோடு ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்து, ரியல் மாட்ரிட் பள்ளியில் வளர்ந்தவர். காலிறுதியில் ரஷ்யாவை வெளியேற்றிய குரோஷியாவின் அணியில் உள்நாட்டுக் கிளப் ஆட்டக்காரர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்; நாற்பது லட்சம் பேர் வாழும் அந்த நாடு இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த ஐரோப்பியக் கோப்பையிலோ, ரஷ்யா பெல்ஜியத்திடம் 0-3, டென்மார்க்கிடம் 1-4 என்று தோற்று முதல் சுற்றிலேயே திரும்பியது.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். தொண்ணூறுகளில் கான்செல்ஸ்கிஸ் மான்செஸ்டர் போனார், மொஸ்தவோயும் கார்பினும் ஸ்பெயின் போனார்கள்; அப்போது தேசிய அணி எதைச் சாதித்துவிட்டது என்று கேட்கலாம். 1994, 1996, 2002 மூன்றிலும் முதல் சுற்றோடு சரி. வெளிநாடு போனாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அன்று தேசிய அணியைக் கெடுத்தது நிர்வாகச் சீர்குலைவு. 1993-இல் பயிற்சியாளரை மாற்றக் கோரி 14 ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட கடிதமே அதற்குச் சாட்சி. ஆனால் ஆட்டக்காரர்களின் சொந்த வாழ்க்கையைப் பாருங்கள். திரும்பி வர வசதியான வீடு இல்லாததால் அவர்கள் அங்கேயே நின்று வேர்பிடித்தார்கள். மொஸ்தவோய் ஸ்பெயினின் செல்ட்டா விகோவில் எட்டு ஆண்டுகள் ஆடி அந்த ஊரின் செல்லப்பிள்ளை ஆனார். திறமையில் அர்ஷாவின் அவருக்கு இளைத்தவரல்ல. ஊரில் காத்திருந்த மெத்தைதான் வித்தியாசம்.

இரவல் முடிந்து ஆர்சனலுக்குப் போன அர்ஷாவின், 2013-இல் மறுபடி ஜெனித்துக்கு வந்து 2015 வரை இருந்தார், குபான் கிளப்பில் சில மாதங்கள், பிறகு கஜகஸ்தானின் கைராட் கிளப்பில் 2018 வரை ஆடி ஓய்வு பெற்றார். தேசிய அணிக்கு 75 ஆட்டங்கள், 17 கோல்கள். சம்பாதித்தார், பட்டங்கள் வென்றார், விரும்பிய இடத்தில் வாழ்ந்தார். இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கை அவருடைய உரிமை. தோற்றுப்போன மனிதர் என்று அவரை நான் சொல்லவே மாட்டேன். பாஸலில் அந்த நான்கு நிமிடங்களைத் தந்தவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல. என் வருத்தம், அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு அமைப்பு தப்பித்துக்கொண்டதில்தான். அவரிடமிருந்து பாடம் படித்திருந்தால், பின்னால் வந்த ஒரு தலைமுறை தப்பியிருக்கும்.

இப்போது அந்தப் பாடம் இன்னும் கசப்பாகிவிட்டது. உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து, 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்ய தேசிய அணியையும் கிளப்களையும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஃபிஃபாவும் யூஏஃபாவும் நிறுத்திவைத்தன. உக்ரைன் நகரங்கள் சுமக்கும் துயரத்தோடு ஒப்பிட இது ஒரு இழப்பே அல்ல. அதை மறந்து பேசுவது அறமாகாது. அந்த முடிவின் விளைவாக, முன்பு வரம்பாலும் பணத்தாலும் அரைகுறையாக மூடியிருந்த லீக் இன்று முழுக்க மூடிய அறையாகிவிட்டது. உள்ளே யார் சாம்பியன் என்று வெளியே யாருக்கும் தெரியாது. வெளியே ஆட்டம் எவ்வளவு மாறிவிட்டது என்று உள்ளே யாருக்கும் உறைக்காது. 22 வயதில் மொனாக்கோவுக்குப் போய் அங்கேயே ஊன்றி நின்ற கோலவினையும், 2024-இல் பாரிஸுக்குப் போன கோல் கீப்பர் சஃபோனவையும் போலச் சிலர்தான் அந்த அறையின் சன்னல்கள்.

அறை என்றைக்குத் திறக்கும் என்பது கால்பந்து நிர்வாகிகளின் கையில் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பவை இன்றும் இருக்கின்றன. லெஜியோனர் வரம்புக்குச் செலவிடும் அக்கறையை ஸ்மேனா போன்ற பள்ளிகளுக்கும் அங்கே மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் பயிற்சியாளர்களுக்கும் திருப்பலாம். நாடு கலைந்த காலத்திலும் அர்ஷாவினை உருவாக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இருபது, இருபத்திரண்டு வயதில் வெளியே போக விரும்பும் பையனை, விலை போதவில்லை என்று மறிக்காமல் அனுப்பிவைக்கலாம். அங்கே அவன் தடுமாறினால் உடனே மடியில் தூக்கி வைத்துக்கொள்ளாமல், இன்னும் ஒரு சீசன் பொறு என்று சொல்லலாம். பிராட்ஃபோர்டில் முதல் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு 19 வயதில் விமானம் ஏறி ஊர் திரும்பினாரே ஒரு பையன், அவர் அங்கே வேலைக்குப் போக எட்டரை ஆண்டுகள் காத்திருந்தார். இனி வரும் பையன்களை அத்தனை நாள் காக்கவைக்கக் கூடாது.